பச்சைப் புள்ளி

ஜூன் 6

அன்புள்ள நாத்தனாருக்கு,

உறையைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறாதே. எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம். போனில் கூப்பிடாமல் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உன் அண்ணன். உன் பெயர் இந்த வீட்டுப் போனில் வந்தால் போன் கடலுக்குப் போகும் என்று சொல்லியிருக்கிறார். புதுப் போன், அதனால் எழுதுகிறேன்.

கோபம் இன்னும் ஆறவில்லை. துறைமுகக் கூட்டத்தில் பெரிய அதிகாரிகளோடு மேசைக்குப் பின்னால் நீ உட்கார்ந்திருந்தாய். சுறா குட்டி போடும் மாதங்களில் குடாவை மூடப் போகிறோம் என்று நீதான் வாசித்தாய். இவர் எழுந்து கத்தினார். கத்தியது தப்புதான், நானே திட்டினேன். ஆனால் நீ ஒலிபெருக்கியில் என்ன சொன்னாய்? "அந்தப் படகு உரிமையாளர் உட்காரலாம்." உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர் படகு உரிமையாளர் ஆகிவிட்டார். குடாவை மூடியதைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவார். அதை மன்னிக்க மாட்டார். சோறு போட்டுக் கொடுக்கும்போதெல்லாம் "படகு உரிமையாளருக்குக் கொஞ்சம் குழம்பு ஊத்து" என்கிறார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன், உனக்குச் சந்தோஷமாக இருக்கும். உன் சட்டத்துக்கு மனிதர் அடங்கிவிட்டார் போலிருக்கிறது. சுறாவின் துடுப்பை வெட்டி எடுத்துக்கொண்டு உடம்பைக் கடலில் எறியக் கூடாது என்றீர்கள். இப்போது முழுசாகத்தான் கொண்டுவருகிறார். படகு எங்கே நிற்கிறது என்று உங்களுக்குக் காட்டும் அந்தப் பெட்டியையும் முனகாமல் பொருத்திக்கொண்டார். ஆழ்கடல் பக்கம் போகிறேன் என்கிறார். மீனும் நன்றாகக் கிடைக்கிறது. என் வெட்டுக்கொட்டகையில் இவ்வளவு சுறா விழுந்து வருடக்கணக்காகிறது. எங்கள் பெண்களுக்கு முதுகு நிமிர்த்த நேரமில்லை.

நீ இரண்டு வரி நல்லதாக எழுதினால் அவர் கண்ணில் படும்படி வைக்கிறேன். ஏனோ எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. கை நிறைய வேலை இருக்கும்போது இப்படி இருக்கக் கூடாது.

அண்ணி

ஜூன் 14

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பதறத்தான் செய்தேன். படித்து முடித்து இரண்டாம் முறை படிக்கும்போதுதான் சிரிப்பு வந்தது.

அண்ணன் என்னை மன்னிக்க வேண்டாம். அன்று என் பக்கத்தில் இயக்குநர் உட்கார்ந்திருந்தார். எதிரே எல்லாத் துறைமுகத்துக்காரர்களும் இருந்தார்கள். "அண்ணா, உட்காருங்க" என்று சொல்லியிருந்தால் தன் அண்ணனுக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டம் என்று மறுநாளே பேச்சு கிளம்பியிருக்கும். அவர் கத்தியது மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. நான் வீட்டு வாசல் வரை வந்து, கதவு திறக்காமல் திரும்பிப் போனது யாருக்கும் ஞாபகம் இல்லை. உங்களுக்குமா இல்லை?

சரி, விடுங்கள். அவர் படகு என் கண்முன்னேதான் இருக்கிறது. கண்காணிப்பு அறையில் சுவர் அளவுக்கு ஒரு திரை. பெட்டி வைத்த ஒவ்வொரு படகும் அதில் ஒரு பச்சைப் புள்ளி. காலையில் வந்ததும் முதலில் அவர் புள்ளியைத்தான் தேடுவேன். ஆழ்கடல் விளிம்பில் நின்றுகொண்டிருக்கும். மூடிய குடாவின் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்கவில்லை. உங்கள் துறைமுகத்தின் மற்ற ஆறு படகுகளும் அப்படித்தான். இதைப் பார்த்தபிறகுதான் எனக்குத் தேநீர் இறங்கும்.

தேசியச் சுறாத் திட்டம் முடிவாகும் நேரம் இது. நாடு முழுக்க எந்தக் கடலில் எவ்வளவு சுறா பிடிக்கலாம் என்று வரம்பு வைக்கிறோம். சுறா மற்ற மீனைப் போல லட்சம் முட்டை போடுவதில்லை. பெரியதாகவே பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது, பிறகும் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் குட்டி. ஒரு தடவை துடைத்தெடுத்துவிட்டால் நம் காலத்தில் திரும்பாது. குடாவில் தாய் மீன்கள் குட்டி போட வருகின்றன, அதனால்தான் அதை மூடினோம். ஆழ்கடல் விளிம்பில் ஏற்கனவே காலி என்று நினைத்திருந்தோம். உங்கள் ஏழு படகுகள் கொண்டுவரும் மீனைப் பார்த்து இயக்குநரே அசந்துபோய்விட்டார். விளிம்பில் இவ்வளவு இருக்கிறதென்றால் வரம்பை உயர்த்தி, பெரிய கப்பல்களையும் அங்கே விடலாம் என்கிறார். எனக்கு அவசரமாகத் தோன்றுகிறது, ஆனால் மறுக்கக் காரணம் இல்லை.

ஒரு உதவி. வெட்டும்போது வயிற்றில் என்ன இருக்கிறது என்று கவனித்து எழுதுங்கள். உங்கள் கண் எங்கள் ஆட்களின் கண்ணைவிடக் கூர்மை. என் துப்பட்டாவில் இருந்த சின்னக் கறையை முதல் நாளே கண்டுபிடித்தவர் நீங்கள்.

உங்கள் நாத்தனார்

ஜூன் 23

நாத்தனாருக்கு,

அந்தக் கறையை நான் கண்டுபிடிக்காவிட்டால் நீ அதோடே அன்று மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நின்றிருப்பாய். கல்யாணம் அப்படியும் நின்றது வேறு கதை.

வயிற்றைப் பார்க்கச் சொன்னாய். பார்க்காமல் இருந்திருக்கலாம். எல்லாம் பெண். எல்லாம் கர்ப்பம். கத்தி வைத்தால் குட்டிகள் வழுக்கிக்கொண்டு மேசைமேல் விழுகின்றன. முழுசாக, பல்லோடு, கண்ணோடு, இன்றோ நாளையோ பிறக்க வேண்டியவை. ஒன்று என் கையில் வாலை அடித்தது. ஆண் மீனோ, பாதி வளர்ந்த குட்டியோ ஒன்றுகூட வருவதில்லை. எல்லாம் ஒரே அளவு, ஒரே நிலை. ஆழ்கடலிலும் இப்படித்தான் கூட்டமாக வயிற்றைத் தள்ளிக்கொண்டு திரியுமா? நீதான் படித்தவள், நீ சொல்.

இன்னொன்று. என் கொட்டகைப் பெண்களை உனக்குத் தெரியும். மற்ற ஆறு படகுக்காரர்களின் மனைவிகள். ஒருத்தி தும்மினால் அதைப் பற்றி மற்ற ஐந்து பேரும் சாயங்காலம் வரை பேசுவார்கள். இப்போது வயிறு திறந்ததும் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். குட்டிகளை வாளியில் அள்ளிக்கொண்டு போகிறார்கள், ஒரு வார்த்தை கிடையாது. என் வீட்டு மீன் என்பதால் என் முகத்துக்காகப் பேசாமல் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நன்றியாகவும் இருக்கிறது, கூச்சமாகவும் இருக்கிறது.

இவரிடம் கேட்டேன். "மீனு வயித்துல என்ன இருக்குன்னு மேல இருந்து பார்த்தா தெரியுமா?" என்றார். அதோடு போய்ப் படுத்துக்கொண்டார். நேற்று படகைக் கழுவப் போனேன். பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் நாலு ஆணி ஓட்டை மட்டும் இருந்தது. ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றார். ரிப்பேருக்குப் போன பெட்டி உன் திரையில் தெரிகிறதா?

அண்ணி

ஜூலை 1

அண்ணிக்கு,

தெரிகிறது. உங்கள் கடிதம் கையில் இருக்கும்போதே திரையைப் பார்த்தேன். பச்சையாக, ஆழ்கடல் விளிம்பில், மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

வயிறு முட்டக் குட்டியோடு தாய் மீன் மட்டும் கூட்டமாகக் கிடைக்கிற இடம் இந்தக் கரையில் ஒன்றுதான். அது எந்த இடம் என்று உங்களுக்கும் தெரியும். அவர் குடாவுக்குள் வலை போடுகிறார். அவர் பெட்டி மட்டும் வேறெங்கோ உலா போகிறது. யார் கொண்டு போகிறார்கள்?

அவர் என்ன செய்கிறார் என்று அவருக்கே தெரியாது. குடாவில் பிடித்த மீனெல்லாம் என் மேசையில் ஆழ்கடல் மீனாக வந்து விழுகிறது. அதை நம்பித்தான் வரம்பை உயர்த்தப் போகிறார்கள். பெரிய கப்பல்கள் விளிம்புக்கு வரும், அங்கே ஒன்றும் இருக்காது. வெறும் வலையோடு அவை திரும்பிப் போகுமா? குடா வாசலுக்குத்தான் வந்து நிற்கும். அவர் குழந்தைகளுக்கு என்று எதைப் பிடிக்கிறாரோ, அதன் வேரையே பிடுங்குகிறார்.

நான் சொன்னால் உரிமம் போகும், படகு போகும். சொல்லாவிட்டால் நான் வாங்கும் சம்பளத்துக்கு அர்த்தமில்லை. சுற்றி வளைக்காமல் எழுதுங்கள்.

ஜூலை 8

நாத்தனாருக்கு,

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

ஐஸ்காரரை உனக்கு ஞாபகம் இருக்கும். பழைய படகில் ஐஸ் ஏற்றிக்கொண்டு நடுக்கடலில் படகு படகாகப் போய்க் கொடுப்பவர், இவருக்கு மாப்பிள்ளை முறை. அவரிடம்தான் பெட்டி இருக்கிறது. இவர் குடாவுக்குப் போகும்போது அவர் அதை எடுத்துக்கொண்டு வெளிக்கடலில் சுற்றுவார், மீன் பிடிக்கிற மாதிரியே கொஞ்சம் நின்று, கொஞ்சம் நகர்ந்து. அதற்குப் பெயர்கூட வைத்திருக்கிறார்கள், பெட்டி மேய்ப்பது. ஆடு மேய்ப்பது போல. "உறவுங்கிறதால உங்களுக்கு மட்டும் செய்யறேன், வெளிய மூச்சு விட்டா என் பொழைப்பும் போயிடும்" என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து இவர் வாயிலிருந்து இதைப் பிடுங்கினேன்.

குடாவுக்குள் விளக்கை அணைத்துக்கொண்டுதான் போவாராம். ரோந்துப் படகு கண்ணில் படக் கூடாதாம். அந்தப் பாறைகளுக்கு நடுவே, இருட்டில்.

நீ யாரென்று இப்போது கேட்க வேண்டியிருக்கிறது. முதலில் அதிகாரியா, முதலில் தங்கையா? நேற்று மறுபடி கிளம்பிவிட்டார். வலை அங்கேயே போட்டுக் கிடக்கிறது, பத்து நாளில் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன், இதோடு சரி என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். அவர் கரையேறும் வரை வாயைத் திறக்காதே. அதற்குப் பிறகு உன் கடமையைச் செய். நான் உன்னை ஒரு சொல் சொல்ல மாட்டேன். பட்டினி கிடந்தாலும் மனிதர் வீட்டில் இருப்பார்.

அண்ணி

ஜூலை 13

அண்ணிக்கு,

எது முதலில் என்று கேட்டீர்கள். இரவெல்லாம் யோசித்துப் பதில் தெரியவில்லை. ஆனால் காலையில் வேலைக்குப் போய் வாயைத் திறக்காமல் திரும்பி வந்துவிட்டேன். அதுவே பதில் போலிருக்கிறது.

அவர் கரையேறும் வரைதான். அதற்கு மேல் கேட்காதீர்கள். மாதக் கடைசியில் திட்டத்தில் கையெழுத்து ஆகிறது, அதற்குள் அவர் மீனைக் கணக்கிலிருந்து எடுத்தாக வேண்டும்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். தெற்கே காற்று சுருட்டிக்கொண்டிருக்கிறது. வானிலைக்காரர்கள் முகமே சரியில்லை. புயல் எச்சரிக்கை கொடுத்தால் அது அந்தப் பெட்டி வழியாகத்தான் போகும். பெட்டி அலறும், படகுகள் கரைக்கோ தீவின் மறைவுக்கோ ஓடும். அண்ணன் படகில் அலற எதுவும் இல்லை. குடாவுக்குள் போனும் எடுக்காது. யாரையாவது அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள். ஐஸ்காரர் காலில் விழ வேண்டுமென்றாலும் விழுங்கள்.

இந்தக் கடிதம் உங்களுக்கு எப்போது கிடைக்கும் என்று தெரியாது. நாளை நான் போனிலேயே கூப்பிடுகிறேன். போன் கடலுக்குப் போனால் போகட்டும்.

ஜூலை 19

அன்புள்ள அண்ணிக்கு,

கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தும் லைன் கிடைக்கவில்லை, இப்போது உங்கள் பக்கம் செல்போன் கோபுரங்களே விழுந்துவிட்டன. எங்கள் மீன்வளத் துறை ஜீப் நிவாரணச் சாமானோடு வருகிறது, ஓட்டுநர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடுங்கள்.

அண்ணன் இதற்குள் வீட்டுக்கு வந்திருப்பார். எப்படி என்று நான் சொன்னால்தான் உங்களுக்குத் தெரியும்.

எச்சரிக்கை அடித்ததும் உங்கள் துறைமுகத்தின் ஏழு புள்ளிகளும் திரும்பின. வாத்துக்குஞ்சுகள் மாதிரி ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு தீவின் மறைவுக்குப் போய்ச் சேர்ந்தன. அறையில் எல்லோரும் கை தட்டினார்கள். உங்கள் துறைக்காரர்கள்தான் சொன்ன பேச்சைக் கேட்டவர்கள் என்று இயக்குநர் பாராட்டினார். நான் மட்டும் அந்த ஏழில் ஒன்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐஸ்காரர் மற்றப் படகுகளோடு சேர்ந்தே ஒதுங்கியிருக்கிறார், கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு எழுந்து நின்றேன். "அதுல ஒரு படகு அங்க இல்ல. மூடின குடாவுக்குள்ள இருக்கு. பெட்டி வேற ஆள்கிட்ட இருக்கு," என்றேன். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். "அங்க இருக்கிறது என் அண்ணன்," என்றேன்.

மீட்புப் படகு நேராகக் குடாவுக்குப் போயிற்று. வாசலிலேயே, பாறை ஓரம் சாய்ந்து கிடந்த படகில் அவரும் அவரோடு போன இருவரும் உயிரோடு இருந்தார்கள். தேடிப் போனது ஒரு படகைத்தான், அது கிடைத்துவிட்டது. மற்ற ஆறும் தீவில் பத்திரம். அதற்கு மேல் உள்ளே போக வேண்டிய அவசியம் இல்லை, அலையும் விடவில்லை. அன்றே தேடுதலை முடித்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள்.

கண்காணிப்பு அறைக்கு இனி வர வேண்டாம் என்று எனக்கு உத்தரவு வந்துவிட்டது. தெரிந்தும் சொல்லாமல் இருந்த நாட்களுக்கு விசாரணை உண்டு. இருக்கட்டும். அண்ணன் பிடித்த மீனைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். மற்ற ஆறு படகுகளின் கணக்கு இருப்பதால் ஆழ்கடல் வரம்பை உயர்த்துவதில் மாற்றமில்லையாம், திட்டம் கையெழுத்தாகப் போகிறது. ஏழு பேரில் ஒருவர் திருட்டுத்தனம் செய்தார், அவர் நம் வீட்டில் இருந்தார். வெட்கமாக இருக்கிறது அண்ணி. ஆனால் பல நாளுக்குப் பிறகு நேற்றுத்தான் தூங்கினேன்.

அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, கஞ்சி கொடுங்கள்.

உங்கள் நாத்தனார்

ஜூலை 20

நாத்தனாருக்கு,

ஜீப் ஓட்டுநர் வாசலில் காத்துக்கொண்டிருக்கிறார். நிதானமாக எழுத முடியவில்லை. இதைப் படித்ததும் நீ எந்த அறைக்குப் போகக் கூடாது என்றார்களோ அந்த அறைக்கே போ. கதவைத் தள்ளிக்கொண்டு போ.

உன் அண்ணன் கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். நீ அந்த அறையில் சொன்னதை மீட்புப் படகில் வந்தவர் இவரிடம் சொல்லியிருக்கிறார். "அண்ணன்னா சொன்னா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு அழுதார். நான் பார்க்காதது போல இருந்துகொண்டேன்.

இன்று காலைதான் வாயைத் திறந்தார். புயல் அடித்த இரவு, விளக்கு இல்லாமல் கிடந்தபோது, படகின் பக்கவாட்டில் எதுவோ வந்து மோதியதாம். "மரக்கட்டைன்னு நெனச்சேன். யாரோ கூப்பிட்ட மாதிரியும் இருந்துச்சு. காத்துன்னு நெனச்சேன்," என்றார். அதைச் சொல்லிவிட்டு மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை.

துறையில் கட்டி இழுத்து வந்த இவர் படகைத் தவிர ஒரு படகும் இல்லை. தீவில் ஒதுங்கியிருக்கிறார்கள், கடல் அடங்கியதும் வருவார்கள் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. உங்கள் ஆட்களும் அதைத்தான் சொன்னார்கள். இன்று மத்தியானம் தீவிலிருந்து ஐஸ்காரர் படகு மட்டும் வந்தது. பின்னால் ஒருவரும் இல்லை. அவர் யார் முகத்தையும் பார்க்காமல் ஒரு மீன்கூடையை என் கொட்டகை வாசலில் வைத்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். மேலே சாக்கு மூடியிருந்தது. விலக்கிப் பார்த்தேன்.

ஏழு பெட்டிகள்.

எங்களுக்கு மட்டும் என்றுதான் சொன்னார். ஏழு பேரிடமும் அதையே சொல்லியிருக்கிறார், ஏழு பேரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

நான் கூடையை உள்ளே இழுத்து வைத்துவிட்டுப் பெண்களை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டேன். வெட்டுமேசையில் உப்பைப் பரப்பி, விரலால் கரையைக் கோடிழுத்தேன். துறை இது, தீவு இது, குடா இது, உன் வீட்டுக்காரர் எங்கே போனார் என்று காட்டு என்றேன். முதலில் ஒருத்தியும் காட்டவில்லை. லைசென்ஸ் போய்விடும், அதிகாரியின் அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்று நின்றார்கள். கூடையைத் திறந்து காட்டிய பிறகுதான் கை நீண்டது. ஒவ்வொருத்தியும் தனியாக வந்து, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அக்கா, எங்க வீட்டுக்காரர் மட்டுந்தான் அங்க போறாரு" என்று காதோடு சொல்லிவிட்டு விரலை வைத்தாள். ஆறு விரல் பட்டு உப்பில் ஒரே இடத்தில் குழி விழுந்துவிட்டது. குடாவின் உட்பக்கம், பாறைகளுக்குப் பின்னால். உங்கள் மீட்புப் படகு போகாமல் திரும்பிய இடம்.

அத்தனை நாளும் அவர்கள் தலை குனிந்து வெட்டியது என் முகத்துக்காக இல்லை. அவரவர் வீட்டு மீனும் அதே குடா மீன் என்பதால். ஆறு படகின் கணக்கு இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். உன் ஆழ்கடலில் ஒரு மீனும் இல்லை நாத்தனாரே. எல்லாம் இந்த ஒரு குடாதான். யாரிடமாவது சொல்லிக் கையெழுத்தை நிறுத்து. ஆனால் அதற்கு முன்னால் ஆட்களைத் தேடச் சொல்.

உங்கள் பெரியவர்கள் திரையைக் காட்டி எல்லோரும் பத்திரம் என்று சொல்வார்கள், நம்பாதே. பெட்டிகள் என் காலடியில்தான் இருக்கின்றன, இன்னும் அணையவில்லை. அந்த ஆறு படகும் இன்று மத்தியானம் கரைக்கு வந்துவிட்டதாகத்தான் உன் திரையில் தெரியும்.

அண்ணி